கரையில் உட்கார்ந்து பிரிப்போம்

(பொதுக்காலம் 17-ஆம் ஞாயிறு, வானொலி மறையுரையின் எழுத்து வடிவம். வாசகங்கள்: 1 அரசர் 3:5,7-12, உரோமையர் 8:28-30, மத்தேயு 13:44-52)



பனிமய அன்னையின் பெருவிழாக் காலம் இது. ஊரெல்லாம் அன்னையின் பெயரைச் சொல்லும் இந்நாட்களில் திருச்சபை நமக்குத் தரும் நற்செய்தியும் நம் ஊருக்கென்றே எழுதியது போல இருக்கிறது. இயேசு மூன்று உவமைகள் சொல்கிறார். நிலத்தில் புதைந்திருந்த புதையல், விலையுயர்ந்த முத்து, கடலில் வீசிய வலை. புதையல் உழவனுக்கு உரியது என்று வைத்துக்கொண்டாலும், முத்தும் வலையும் நம்முடையவை. முத்துக்குளித்துறை என்று உலகம் அழைத்த கரையில் பிறந்தவர்கள் நாம்.

அந்த வலை உவமையில் ஒரு சிறிய சொல்லை நாம் வழக்கமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். வலை நிறைந்ததும் அதைக் கரைக்கு இழுக்கிறார்கள். பிறகு உட்காருகிறார்கள். உட்கார்ந்துதான் நல்லதை ஒரு பக்கமும் ஆகாததை ஒரு பக்கமும் பிரிக்கிறார்கள். கரைவலை இழுத்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும். இழுக்கும்போது எல்லாரும் சத்தம் போடலாம். பிரிக்கும்போது கண்ணும் கையும் மட்டும்தான் வேலை செய்ய வேண்டும். மனிதரைப் பிரித்துத் தீர்ப்பிடுவது கடைசி நாளில் கடவுளுடைய வேலை. ஆனால் நம் கைக்கு வரும் செய்திகளையும் செயல்களையும் நல்லதா கெட்டதா என்று பிரித்தறிவது இன்றே நம்முடைய வேலை. முதல் வாசகத்தில் சாலமோன் கேட்ட வரமும் அதுதான். நீண்ட ஆயுளை அவர் கேட்கவில்லை. செல்வத்தையோ பகைவரின் சாவையோ கேட்கவில்லை. நன்மை தீமையைப் பகுத்தறியும் உள்ளத்தைக் கேட்டார்.

அந்த வரம் நமக்கு எவ்வளவு தேவை என்பதை அண்மையில் நம் பங்கு மக்களில் இருவர் நமக்குக் கற்பித்தார்கள்.

ஒருவர் எண்பது வயதைக் கடந்த பெரியவர். 1961-இல் நம் கடலில் முத்துக்குளிப்பு நடந்தபோது இளைஞராகக் கல்லைப் பிடித்து இறங்கியவர். அதன் பிறகு பல ஆண்டுகள் சங்கு குளித்தார். மற்றவர் அவருடைய பேத்தி. வேதியியலில் முதுகலை முடித்த அந்தப் பிள்ளைக்கு அணுசக்தித் துறையில் பயிற்சிக்குத் தேர்வாகியிருப்பதாகக் கடிதம் வந்தது. வீட்டில் மகிழ்ச்சி இல்லை. தாத்தா பேத்தியோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரு மாலையில் இருவரும் பங்குத்தந்தை இல்லத்துக்கு வந்தார்கள்.

"சாமி, கடலுக்கு விஷம் வைக்கிற வேலைக்கு இவ போகலாமா? நீங்களே சொல்லுங்க" என்றார் பெரியவர்.

பேத்தி தலைகுனிந்தபடியே சொன்னாள்: "ஃபாதர், தாத்தா நினைக்கிறதுல எது சரி, எது தப்புன்னு என்னால எடுத்துச் சொல்ல முடியும். ஆனா அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது நீங்கதான். நான் மறைக்கல்வி படிக்கும்போது நீங்க பூசையில சொன்னீங்க. கனநீர்னா கதிர்வீச்சு கலந்த தண்ணி, அதை நம்ம ஊர்லயே செஞ்சு கடல்ல விடுறாங்கன்னு."

நமக்கு வாயடைத்துப் போயிற்று. ஆம், சொன்னோம். கூடங்குளம் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. 2012 செப்டம்பரில் மணப்பாட்டில் நம் மீனவச் சகோதரர் ஒருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்திருந்தார். மனம் வெந்திருந்தது. யாரோ சொன்னதைக் கேட்டோம். படித்துப் பார்க்காமல் பீடத்திலிருந்து சொல்லிவிட்டோம். நம் துயரம் உண்மையானது. நம் சொல் உண்மையானது அல்ல. எட்டாம் கட்டளை பொய்ச்சான்று சொல்லாதே என்கிறது. கோபம் நியாயமானதாக இருந்தால் கொஞ்சம் பொய் கலக்கலாம் என்று அதில் விலக்கு எதுவும் இல்லை. பீடத்திலிருந்து செய்த பிழையைப் பீடத்திலிருந்தே திருத்த வேண்டும் என்பதால் இன்று உங்களோடு கனநீரைப் பற்றிப் பேசுகிறோம்.

கனநீர் என்பது என்ன? தண்ணீரில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இருப்பது பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஹைட்ரஜன் அணுக்களில் ஏறத்தாழ 6,400-க்கு ஒன்று மற்றவற்றைவிட இரண்டு மடங்கு எடையுள்ளது. அதைக் கனஹைட்ரஜன் என்கிறோம். ஹரால்டு யூரி என்ற அமெரிக்க வேதியியலர் 1931-இல் அதைக் கண்டுபிடித்தார். அதற்காக 1934-இல் நோபல் பரிசு பெற்றார். அந்தக் கன அணுக்கள் மட்டுமே சேர்ந்த நீர் கனநீர். சாதாரண நீரைவிடப் பத்தில் ஒரு பங்கு எடை கூடுதல். அது கதிர்வீச்சு வீசாது. படைப்பின் தொடக்கத்திலிருந்தே கடலிலும் மழையிலும் நம் இரத்தத்திலும் அது சிறிதளவு இருக்கிறது.

அதைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். நம் ஊரில் ஸ்பிக் உரத் தொழிற்சாலை 1975-இல் இயங்கத் தொடங்கியது. அதன் அருகில் பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தோடு எழுந்த கனநீர் ஆலை 1978-இல் இயங்கத் தொடங்கியது. இரண்டும் அருகருகே அமைந்ததற்குக் காரணம் உண்டு. யூரியா செய்ய அம்மோனியா வேண்டும். அம்மோனியா செய்ய நைட்ரஜனும் ஹைட்ரஜனும் வேண்டும். அந்த வாயுக் கலவை உர ஆலையிலிருந்து கனநீர் ஆலையின் உயர்ந்த கோபுரங்களுக்கு வந்தது. மிகுந்த அழுத்தத்தில் வாயு கீழிருந்து ஏறும்போது குளிர்ந்த திரவ அம்மோனியா மேலிருந்து இறங்கியது. பொட்டாசியம் அமைடு என்ற வினையூக்கியின் துணையால் கனஹைட்ரஜன் வாயுவை விட்டு அம்மோனியாவுக்கு மாறிக்கொண்டது. மீதி வாயு உர ஆலைக்கே திரும்பி யூரியாவாகி வயலுக்குப் போனது. இந்த வேலையில் யுரேனியம் இல்லை, அணுப்பிளவும் இல்லை. அங்கே அஞ்ச வேண்டியிருந்தது அழுத்தத்தில் இருந்த ஹைட்ரஜனுக்கும் அம்மோனியாவுக்கும்தான். கசிந்தால் அம்மோனியா கண்ணையும் நுரையீரலையும் எரிக்கும். அங்கு வேலை செய்த நம் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. இல்லாத கதிர்வீச்சைப் பற்றிப் பேசியதில் இருந்த அபாயத்தைக் கேட்காமல் விட்டோம்.

அப்படியானால் அணு உலைக்கும் கனநீருக்கும் என்ன உறவு? யுரேனியம் பிளக்கும்போது நியூட்ரான்கள் மிகுந்த வேகத்தில் பாய்கின்றன. வேகமாகப் போகிறது பெரும்பாலும் அடுத்த அணுவைப் பிளக்காமல் போய்விடும். வேகம் தணிந்தால்தான் வேலை நடக்கும். கேரம் பலகையைப் பாருங்கள். ஸ்டிரைக்கர் ஓரக் கட்டையில் மோதினால் வேகம் அதிகம் குறையாமல் திரும்பி வரும். காயில் மோதினால் தன் வேகத்தைக் காய்க்குக் கொடுத்துவிட்டுத் தணியும். அப்படி நியூட்ரானின் வேகத்தை வாங்கிக்கொள்ளும் பொருளைத் தணிப்பான் என்பார்கள். சாதாரண நீரும் தணிக்கும், ஆனால் நியூட்ரான்கள் பலவற்றைத் தானே விழுங்கிவிடும். கனநீர் மிகக் குறைவாகவே விழுங்கும். அதனால் மண்ணிலிருந்து எடுத்த யுரேனியத்தைச் செறிவூட்டாமலே கனநீர் உலையில் எரிக்க முடிகிறது. 1983-இலும் 1985-இலும் கல்பாக்கத்தில் இயங்கத் தொடங்கிய உலைகள் அந்த வகை. கூடங்குளம் வேறு வகை. அங்கே செறிவூட்டிய யுரேனியமும் சாதாரண நீரும்தான். நம் ஊர்க் கனநீர் கூடங்குளத்துக்குப் போகிறது என்று நாம் சொன்னதும் தவறு.

இவ்வளவும் கேட்ட பிறகு, "அப்ப பயப்பட ஒண்ணுமே இல்லையா சாமி?" என்று பெரியவர் கேட்டார். அன்பார்ந்தவர்களே, அப்படியும் சொல்ல முடியாது. ஒரு பக்கத்துப் பொய்யை விட்டுவிட்டு மறு பக்கத்துப் பொய்க்குப் போவது மனந்திரும்புதல் ஆகாது.

கனநீருக்கு ஒரு வரலாறு உண்டு. நார்வே நாட்டில் ரியூக்கன் என்ற மலை ஊரில், நம் ஊரைப் போலவே ஓர் உரத் தொழிற்சாலையை ஒட்டி, 1930-களில் கனநீர் தயாரித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி அந்நாட்டைப் பிடித்துக்கொண்டு அந்தக் கனநீரை அணு ஆராய்ச்சிக்கு எடுத்தது. 1944 பிப்ரவரி 20, ஒரு ஞாயிற்றுக்கிழமை. கனநீர்ப் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு ஏரியைக் கடந்த படகை நார்வே நாட்டு எதிர்ப்புப் படையினரே வெடிவைத்து மூழ்கடித்தார்கள். சொந்த மக்கள் சாவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். ஞாயிறு என்றால் பயணிகள் குறைவு என்று அந்த நாளைத் தேர்ந்தார்கள். 18 பேர் இறந்தார்கள். அவர்களில் 14 பேர் நார்வே நாட்டவர். ஜெர்மானியர் அணுகுண்டுக்கு அருகில்கூட வரவில்லை என்பது போருக்குப் பிறகு தெரிந்தது. வயலுக்கு உரம் செய்த ஆலையிலிருந்து வந்த தெளிந்த நீர்தான் அது.

நம் நாட்டிலும் அந்த இரண்டு முகங்களும் உண்டு. 1960-இல் டிராம்பேயில் இயங்கத் தொடங்கிய சைரஸ் உலையைக் கனடா தந்தது, கனநீரை அமெரிக்கா தந்தது. அமைதிக்கு மட்டுமே என்று உறுதி சொல்லப்பட்டது. 1974-இல் பொக்ரானில் வெடித்த குண்டுக்குப் புளூட்டோனியம் அந்த உலையிலிருந்தே வந்தது. கனடா உதவியை நிறுத்தியது. நாட்டுக்குள்ளேயே கனநீர் செய்துகொள்ளும் அவசரம் கூடியது. நம் ஊர்க் கோபுரங்கள் எழுந்த காலத்தின் கதை இது. பொருள் பாவம் செய்வதில்லை. அது எந்தக் கைக்குப் போகிறது, எதற்காகப் போகிறது என்று கேட்காத மனிதர்தான் பாவத்துக்குப் பங்காளி ஆகிறோம்.

கனநீர் அணு உலைக்குள் போனபிறகு அதன் குணமும் மாறுகிறது. அதன் அணுக்களில் சில நியூட்ரானை ஏற்று டிரிடியம் ஆகின்றன. டிரிடியம் கதிர்வீச்சு உடையது. பாதியாகக் குறையவே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். தண்ணீரோடு தண்ணீராகவே கலந்து உடலுக்குள் போகக்கூடியது. ஆகவே உலையிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறது, கடலில் எவ்வளவு, மீனில் எவ்வளவு என்று அளந்து மக்களுக்குச் சொல்ல வேண்டியது கடமை. அணு நிலையங்களால் பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லி சீவர்ட்டுக்கு மேல் கதிர்வீச்சு சேரக்கூடாது என்பது நம் நாட்டு விதி. "ஒன்றும் ஆகாது, நம்புங்கள்" என்று மட்டும் சொல்லி எண்ணிக்கையைச் சொல்லாமல் விடுவதும் எட்டாம் கட்டளைக்கு எதிரானதே.

இந்த இடத்தில் பேத்தி ஒரு செய்தி சொன்னாள். அணு உலை எழுவதற்கு முன்பே அந்த இடத்தின் மண், நீர், மீன், பால் ஆகியவற்றில் இயற்கையாக எவ்வளவு கதிர்வீச்சு இருக்கிறது என்று அளந்து எழுதி வைப்பார்களாம். முந்தைய கணக்கு இல்லாமல் பிந்தைய கணக்குக்குப் பொருள் இல்லை. மணவாளக்குறிச்சி மணலைப் பாருங்கள். இங்கிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் உள்ள மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டார். எந்த ஆலையும் வருவதற்கு முன்பே அந்தக் கரையின் மணல் கதிர்வீச்சு உடையது. அதை அறியாமல் அங்கே போய் அளப்பவர் யார்மீதோ பழி போட்டுவிடுவார். அதை அறிந்தவரோ, இயற்கையின் கணக்கு எது, மனிதர் கூட்டியது எது என்று பிரித்துச் சொல்வார்.

உடனே பெரியவர் நிமிர்ந்தார். "அப்ப கடலோட முந்தைய கணக்கு யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார். நாமும் அந்தப் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அது அவரிடம்தான் இருந்தது.

எண்ணிப் பாருங்கள். நம் கடலில் 1961-க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. பெரிய துறைமுகம் வந்தது 1974-இல். உர ஆலை 1975-இல். கனநீர் ஆலை 1978-இல். அனல்மின் நிலையம் 1979-இல். அப்படியானால் முத்து போனதற்கு இவற்றில் எதையும் முதல் காரணமாகச் சொல்ல முடியாது. முத்துச்சிப்பி தலைமுறைக்குத் தலைமுறை பெருகியும் அருகியும் வந்ததுதான். 1973-இல் வேப்பலோடையில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் நம் கடலின் சிப்பியிலேயே முத்து விளைவித்துக் காட்டினார்கள். ஆனால் அந்த ஆண்டுகளுக்குப் பிறகு தண்ணீரின் தெளிவு, பாரின் நிலை, சங்கின் அளவு எப்படி மாறின என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல முதலில் பழைய கடல் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். எந்தப் பார் எத்தனை பாக ஆழம், எங்கே மணல், எங்கே கல், எந்த மாதம் தண்ணீர் தெளியும் என்பதெல்லாம் குளித்தவர்களின் நினைவில் இருக்கிறது. அவர்களை ஒவ்வொருவராகக் கல்லறைத் தோட்டத்துக்குச் சுமந்து சென்றுகொண்டிருக்கிறோம். எழுதி வைக்கவில்லை.

திருச்சபையும் இந்தக் காரியத்தில் உட்கார்ந்து பிரித்தே பேசி வந்திருக்கிறது. 1943 பிப்ரவரியிலேயே, குண்டு பிறக்கும் முன்பே, யுரேனியத்தில் அடங்கிய ஆற்றல் பேரழிவாக வெடிக்காதிருக்க வேண்டும் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவியலாளர்கள் முன் எச்சரித்தார். 1957-இல் பன்னாட்டு அணுசக்தி முகமை தொடங்கியபோது திருப்பீடம் அதன் தொடக்க உறுப்பினர்களுள் ஒன்றானது. அணு அறிவை மருத்துவத்துக்கும் வாழ்வுக்கும் பயன்படுத்துவதைத் திருச்சபை சாபமாகப் பார்க்கவில்லை. ஆனால் 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஹிரோஷிமாவில் நின்று, அணு ஆற்றலைப் போருக்குப் பயன்படுத்துவது மட்டுமல்ல, அணு ஆயுதத்தை வைத்திருப்பதும் அறநெறிக்கு எதிரானது என்றார். 2015-இல் எழுதிய சுற்றுமடலில், பெரும் தீங்கு நேரலாம் என்ற ஐயம் இருக்கும்போது, ஆபத்தில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு திட்டத்தைக் கொண்டுவருபவருடையது, ஏழைகளுடையது அல்ல என்ற கருத்தை எடுத்துரைத்தார்.

பனிமய அன்னையின் திருநாள் ஆகஸ்ட் 5. அதற்கு மறுநாள் ஹிரோஷிமா நாள். 9-ஆம் நாள் நாகசாகி நாள். 1542-இல் நம் கரைக்கு வந்த புனித சவேரியார் 1549-இல் ஜப்பானுக்குப் போனார். அவர் அங்கே தொடங்கிய மறைப்பணியின் மரபில் வந்த உரகாமி கத்தோலிக்கர்களில் ஆயிரக்கணக்கானோர் நாகசாகிக் குண்டில் மடிந்தார்கள். அன்னையின் விண்ணேற்பு விழாவுக்காக ஒப்புரவு கேட்டுக்கொண்டிருந்த குருக்களும் மக்களும் உரகாமிப் பேராலயத்திலேயே மாண்டார்கள். ஒரே திருத்தூதரின் பிள்ளைகள் என்ற முறையில் அவர்கள் நம் உறவினர்கள். இந்த ஆண்டு நம் திருநாள் மகிழ்ச்சி ஓய்ந்ததும் அவர்களுக்காக ஒரு செபமாலை சொல்வோம்.

இனி நாம் செய்ய வேண்டியது என்ன? சரிபார்க்காத செய்தியைக் கைப்பேசியில் அடுத்தவருக்கு அனுப்பாதிருப்போம். அதிகாரிகளிடம் கேட்கும்போது எழுத்தில், தெளிவான கேள்வியாக, எண்ணிக்கையோடு பதில் கேட்போம். அதற்கு 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அறிவியல் படிக்கும் பிள்ளைகளை ஊருக்குத் துரோகிகள் என்று பார்க்க வேண்டாம். அளக்கத் தெரிந்த பிள்ளை நம் வீட்டிலிருந்து போனால்தான் அளந்ததை நம் மொழியில் சொல்ல ஆள் இருக்கும். மீனவரின் அச்சத்தை அறியாமை என்று தள்ளவும் வேண்டாம். கடலில் பிழை நடந்தால் முதலில் பசிப்பது அவர் வீட்டுப் பிள்ளைக்கு. ஒவ்வோர் அன்பியமும் தன் முதியவர்களிடம் உட்கார்ந்து, கடலைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். முதல் நோட்டு ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

பயிற்சிக்குப் புறப்படுவதற்கு முன் இருந்த மூன்று வாரங்களில் அந்தப் பேத்தி தன் தாத்தாவிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள். தொலையிரம் பாரில் தொடங்கி அவர் இறங்கிய பார்களின் பெயரும் ஆழமும் அதில் இருக்கின்றன. பெரியவர் இன்னும் முழுமனதாகச் சம்மதித்துவிட்டார் என்று சொல்ல மாட்டோம். கூடங்குளத்தைப் பற்றிய அவருடைய கருத்து மாறவில்லை. அதை மாற்றச் சொல்லி நாமும் கேட்கவில்லை. ஆனால் பேத்தி புறப்பட்ட அன்று தொடர்வண்டி நிலையத்துக்கு வந்தார். அவள் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்தார். "போயிட்டு வா. அங்க தப்பு நடந்தா தப்புன்னு சொல்லு. நல்லது நடந்தா அதையும் மறைக்காம வந்து எனக்குச் சொல்லு" என்றார்.

சாலமோன் கேட்ட வரம் அந்த வீட்டுக்குக் கிடைக்கத் தொடங்கியிருக்கிறது என்று நம்புகிறோம். நமக்கும் நம் ஊருக்கும் கிடைக்க மன்றாடுவோம்.

ஆண்டவரே, படைப்பின் மறைபொருளை மனிதரின் கைக்குள் வைத்தீர். அதைப் பகுத்தறியும் உள்ளத்தையும் தாரும். கடலில் உழைப்போரையும் ஆலைகளில் உழைப்போரையும் காத்தருளும். பனிமய அன்னையே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.